ஓட்டலுக்குச் சாப்பிட வரும் உங்களுக்கு, பரிமாறுகிறவர்களின் திறந்த மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுச் சாப்பாட்டு ஓட்டல்களிலும் மெஸ்களிலும் இலை போடுகிறவர்கள், வாளி தூக்கிப் பரிமாறுகிறவர்கள், மேசை துடைக்கிறவர்கள், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது. மேசை நாகரிகம் என்று பேச்சு எடுத்தாலே முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, கைத்துணியை மடியில் எப்படி விரிப்பது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கான இடங்களில் அது சரிதான். நம் ஊரில் தினமும் மதியம் லட்சக்கணக்கானவர்கள் உட்காரும் மேசைக்கும் ஒரு முறை இருக்கிறது. முன்பெல்லாம் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தையோ தாத்தாவோ அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இப்போது பல பிள்ளைகள் முதன்முதலில் இலையைப் பார்ப்பதே ஓட்டலில்தான். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. ஓட்டல் மேசை உங்களுக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான் சொந்தம். சற்று முன் அதில் ஒருவர் சாப்பிட்டுப் போனார். அடுத்தவர் வாசலில் பசியோடு நிற்கிறார். நடுவில் அதைத் துடைக்க ஒரு கை இருக்கிறது. இந்த மூன்று பேரையும் நினைவில் வைத்துக்கொண்டால், கீழே உள்ளதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

முதலில் இடம் பிடிப்பது. மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை எந்த நல்ல சாப்பாட்டுக் கடையிலும் நெரிசல்தான். அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று இலையை எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். இலையில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் சொல்லும் வார்த்தை. முதுகுக்குப் பின்னால் நிற்பது வாய் திறக்காமல் எழுப்புவதுதான். ஆபத்தும் உண்டு. இரண்டு வரிசை மேசைகளுக்கு நடுவே பெரும்பாலும் மூன்றடிதான் வழி. அதில் நீங்கள் நின்றால் ஒன்றரை அடி போய்விடும். அந்த வழியாகத்தான் கொதிக்கிற சாம்பார் வாளி வருகிறது. வாளி இடுப்பு உயரத்தில் வரும், அதாவது உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில், நிற்கும் குழந்தையின் முக உயரத்தில். நீங்கள் சட்டென்று திரும்பினால் முழங்கை வாளியில் படும். வாசலில் மேற்பார்வையாளரிடம் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வது முக்கியம். "நாலு பேர்" என்று உட்கார்ந்துவிட்டு, வண்டி நிறுத்திவிட்டு வருகிற மூன்று பேருக்காகப் பக்கத்து மேசை நாற்காலியை இழுத்தால், வழி அடைபடும். பக்கத்து மேசைக்கு வந்தவர் நிற்க வேண்டியிருக்கும். எட்டுப் பேர் என்றால் நான்கு நான்காக இரண்டு மேசையில் உட்காரச் சம்மதியுங்கள், சீக்கிரம் இடம் கிடைக்கும். ஒரு மேசையில் ஏற்கெனவே யாராவது இருந்தால், "உட்காரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு அவர் இலையைப் பார்க்காமல் இருப்பதும் மரியாதை.

கை கழுவும் இடத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டு இருபது விநாடி, இரண்டு கையையும் கழுவுங்கள். வலது கையால்தானே சாப்பிடுகிறோம் என்று இடது கையை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் டம்ளர், நெய்க் கிண்ணம், ஊறுகாய் டப்பாவின் கரண்டி எல்லாம் இடது கையால்தான் தொடுகிறோம். கழுவிய பின் கையை உதறாதீர்கள். உதறிய நீர் தரையில் விழும். டைல்ஸ் தரையில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் வழுக்கும். கையில் இரண்டு வாளியோடு வருகிறவர் அதில்தான் கால் வைப்பார். தொட்டிக்கு மேலேயே நீர் வடியவிட்டு, துடைத்துவிட்டு நகருங்கள்.

சாப்பிட்ட பிறகு இன்னும் கவனம் வேண்டும். விரல்களில் ஒட்டிய சோற்றையும் கறிவேப்பிலையையும் இலையிலேயே வழித்துவிட்டு எழுந்திருங்கள். தொட்டியில் விழும் பருக்கை குழாய்க்குள் ஊறிப் பெருக்கும்; குழம்பின் எண்ணெயும் நெய்யும் ஆறியதும் அதன்மேல் படிந்து கெட்டியாகும். மூன்று மணிக்குள் தொட்டி நிரம்பி வழியும். அதைக் கையை விட்டு அள்ளுவது ஒரு மனிதர். கொப்பளிப்பதானால் குனிந்து, குழாயைத் திறந்துவைத்து, சத்தம் இல்லாமல் கொப்பளியுங்கள். காறித் துப்புவது, மூக்குச் சிந்துவது, பல் செட்டைக் கழற்றிக் கழுவுவது எல்லாம் கழிப்பறைத் தொட்டியில் செய்ய வேண்டியவை. கை கழுவும் இடத்துக்கு அடுத்த மேசையில் ஒருவர் அப்போதுதான் முதல் வாய் எடுத்திருப்பார். வெற்றிலை எச்சிலைத் தொட்டியில் துப்பினால் கறை போகவே போகாது.

ஏசி கூடங்களில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் வந்தால், அது விரல் நுனிகளை நனைத்துக்கொள்ள மட்டும். அதில் கொப்பளிப்பதும், உள்ளங்கை வரை முக்குவதும் வேண்டாம்.

இனி இலை. நுனி இலை என்றால் குறுகிய நுனி உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். சாப்பிடும் கை வலது என்பதால் அகன்ற பக்கம் வலப்புறம் வருகிறது. சோறு பிசைய இடம் அங்கேதான் தேவை. உப்பு, ஊறுகாய், இனிப்பு போன்ற சிறு அளவுகளுக்கு நுனிப் பக்கம் போதும். நடுநரம்புக்கு மேல் பாதி காய்களுக்கும் கூட்டுக்கும், கீழ்ப் பாதி சோற்றுக்கும். இடது கையால் சாப்பிடுகிறவர் என்றால் இலை போடும்போதே சொல்லுங்கள், மாற்றிப் போடுவோம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்காருகிறவரும் அதை உற்றுப் பார்க்க வேண்டாம். அப்படிச் சாப்பிடுகிறவரை மேசையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் இரண்டு முழங்கைகள் இடித்துக்கொள்ளாது.

தண்ணீர் தெளிப்பதற்கு நாலைந்து சொட்டு போதும். தூசியும் இலையின் பாலும் போகத்தான் அது. ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு இலையை உதறினால் எதிரில் இருப்பவர் சட்டை நனையும். மேசையில் தேங்கிய நீர் கொஞ்ச நேரத்தில் உங்கள் மடிக்கே வரும்.

வாழையிலை எப்படிக் கிழியும் என்று தெரிந்தால் சிந்துவது குறையும். நடுநரம்பிலிருந்து கிளை நரம்புகள் இரண்டு பக்கமும் வரிவரியாக ஓடுகின்றன. அந்த வரியோடு நகமோ எவர்சில்வர் கரண்டியின் விளிம்போ அழுந்தினால் இலை நேர்கோட்டில் கிழிந்துவிடும், குழம்பு கீழே இறங்கிவிடும். கரண்டியால் சாப்பிடத்தான் விருப்பம் என்றால் தட்டுக் கேளுங்கள். கிழிந்த இலை வந்தால் பரிமாறத் தொடங்கும் முன் மாற்றச் சொல்லுங்கள். சோறு விழுந்த பிறகு மாற்றினால் அவ்வளவும் குப்பைக்கு.

நடுநரம்பில் மேல்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். ரசம் ஓடுவது அதன் வழியாகத்தான். ஆகவே ரசம் கேட்கும் முன் சோற்றைக் கூட்டிக் குவித்து நடுவில் குழி செய்துகொள்ளுங்கள். கரண்டி வரும்போது கையை எடுத்துவிடுங்கள். முதல் கரண்டி குழியில் இறங்கிப் பிசைந்த பிறகு அடுத்த கரண்டி கேட்கலாம். ரசத்தைக் குடிக்கத்தான் விருப்பம் என்றால் கிண்ணம் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.

சோற்றைப் பற்றி எங்களுக்கு இருக்கும் பெரிய மனக்குறையை இங்கே சொல்லிவிடுகிறோம். முதல் முறை வைத்த சோறு முழுவதிலும் சாம்பாரை ஊற்றிப் பிசைந்துவிடுகிறார்கள். பாதி சாப்பிட்டதும் ரசத்துக்கு ஆசை வருகிறது. வெள்ளைச் சோறு இல்லை. புதிதாகச் சோறு கேட்கிறார்கள். சாம்பார்ச் சோறு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. மோருக்கு மறுபடியும் அதே. கடைசியில் இலையை மடிக்கும்போது மூன்று நிறத்தில் சோறு கிடக்கிறது. இதைத் தவிர்க்க எளிய வழி, சோறு விழுந்ததும் விரலால் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்துவிடுவது. ஒரு பங்கில் மட்டும் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பாரும். மற்றது உலர்ந்தபடியே காத்திருக்கட்டும். உங்கள் பசியில் பாதி சாம்பாருக்கு, கால் ரசத்துக்கு, கால் மோருக்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் கணக்குச் சரியாக வரும். காரக்குழம்புக்கு நாலு வாய்ச் சோறு போதும். முழுச் சாப்பாடு என்றால் கேட்கக் கேட்க வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒரே தடவையில் வாங்கி அடுக்க அவசியம் இல்லை.

"கொஞ்சம்" என்ற சொல்லால் பல தொல்லை. உங்கள் கொஞ்சமும் பரிமாறுகிறவரின் கொஞ்சமும் ஒன்றல்ல. "அரைக் கரண்டி", "ஒரு கரண்டி" என்று சொல்லுங்கள். வேண்டாத காயை, அது இலைக்கு வரும் முன்பே வேண்டாம் என்று சொல்லுங்கள். கரண்டி சாய்ந்த பிறகு "போதும் போதும்" என்று கையை நீட்டினால் சூடான குழம்பு கையில் விழும், அல்லது எச்சில் கை கரண்டியில் படும். எச்சில் கை பட்ட கரண்டி மறுபடி வாளிக்குள் போனால் வாளி முழுவதும் வீண். இடது கையை இலைக்கு ஒரு சாண் மேலே, தட்டையாக நீட்டுங்கள். அதைப் பார்த்ததும் எந்தப் பரிமாறுகிறவரும் நிறுத்திவிடுவார்.

இலையில் வைத்த எதையும் திரும்ப எடுக்க எங்களால் முடியாது, தொடாத அப்பளமாக இருந்தாலும். ஒரு முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்து இரண்டு பேர் சாப்பிடுவதும் முறையல்ல. அந்த விலை ஒரு வயிற்றை நினைத்துப் போட்டது. சிறு பிள்ளைக்கு ஊட்ட வேண்டுமென்றால் முதலிலேயே கேளுங்கள். பல கடைகளில் பிள்ளைக்கு ஒரு சிறு இலை போட்டுச் சோறும் பருப்பும் வைக்கத் தடை சொல்ல மாட்டார்கள். குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அளவுச் சாப்பாடு இருக்கிறது. அளவுச் சாப்பாட்டில் மீந்த தொடாத கிண்ணங்களைக் கட்டித் தரச் சொல்லலாம். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள். முழுச் சாப்பாட்டில் மிச்சம் கட்டித் தருவது வழக்கமில்லை.

விரல்களின் முதல் இரண்டு கணு வரைக்கும்தான் சோறு தொட வேண்டும். உள்ளங்கையில் உருட்டுவதும், முழங்கை வரை வழிவதை நக்குவதும் எதிரில் இருப்பவருக்குக் கஷ்டம். வாயை மூடி மெல்லுங்கள். முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, எலும்பு, மீன் முள் எல்லாவற்றையும் இலையின் இடது மேல் மூலையில் சேர்த்து வையுங்கள், மேசைமேல் வைக்காதீர்கள். மீன் முள் மேசை துடைக்கும் துணியில் சிக்கினால் அடுத்த மேசையைத் துடைக்கும்போது கையில் ஏறும். பொதுவாக வைத்திருக்கும் ஊறுகாய், பொடி, எண்ணெய்க் கிண்ணங்களை இடது கையால்தான் எடுக்க வேண்டும். தண்ணீரும் அப்படியே. சொம்பிலோ கூஜாவிலோ நேரே வாய் வைக்க வேண்டாம்.

முடிந்ததும் இலையை மூடுங்கள். மேல் பாதியை உங்கள் பக்கமாக, மெதுவாக. துக்க வீட்டில் எதிர்ப்பக்கம் மடிப்பது பல ஊர்களில் வழக்கம் என்பதால், ஓட்டலில் அப்படி மடித்தால் வயதானவர்கள் சிலர் மனம் நோவார்கள். மூடிய இலை எங்களுக்கு ஒரு செய்தி, "முடிந்தது, எடுக்கலாம்" என்று. திறந்தபடி விட்டுவிட்டுக் கை கழுவப் போனால், மோர் வாளிக்காரர் காத்து நிற்பார், துடைப்பவர் எடுக்கத் தயங்குவார், வாசலில் நிற்பவர் உட்கார முடியாது. இரண்டாம் முறை சாப்பிடப்போவதாக இருந்தால் திறந்தே வைத்திருங்கள். சில மெஸ்களில் இலையை அவரவரே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். நுழையும்போதே மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடும் முன் இலைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். காகிதத் துடைப்பான், இனிப்பின் பிளாஸ்டிக் உறை, பல்குத்தும் குச்சி, மாத்திரை அட்டை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. எச்சில் இலை பல ஊர்களில் மாட்டுக்குப் போகிறது, அல்லது உரக்குழிக்குப் போகிறது. மாடு இலையைப் பிரித்துப் பார்த்துத் தின்பதில்லை. பிளாஸ்டிக் அதன் வயிற்றில் தங்கிவிடும். குச்சி அதன் வாயில் குத்தும். அதற்கு முன் இலை எடுப்பவரின் கையில் குத்தும்.

கூப்பிடும் முறைக்கு வருவோம். விரல் சொடுக்குவது, டம்ளரைத் தட்டுவது, விசில், "ஏய்", "யோவ்". இவற்றில் எதற்கும் ஓட்டலில் இடம் இல்லை. "அண்ணே", "தம்பி", "அக்கா", "அம்மா", எதுவாக இருந்தாலும் உறவு சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஆள் இல்லை. கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்தினாலே போதும். ஒருவருக்கு ஐந்தாறு மேசைகள் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். உங்கள் மேசைக்கு உரியவர் யார் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் தட்டோடு போகிறவரை நிறுத்தி உப்புக் கேட்டால் அவரால் நினைவில் வைக்க முடியாது. இன்று பீகார், ஒடிசா, அசாம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் பரிமாறுகிறார்கள். தமிழ் தடுமாறுகிறது என்று சிரிக்காதீர்கள். பெயரை மெதுவாகச் சொல்லுங்கள், எண்ணிக்கையை விரலில் காட்டுங்கள், திருப்பிச் சொல்லச் செய்து சரிபாருங்கள். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து, நம் சோற்றை நமக்குப் பரிமாறுகிறவர்கள் அவர்கள்.

மேசை துடைப்பவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இலையை எடு" என்று முகத்தைப் பார்க்காமல் அதட்டும் குரலுக்குப் பின்னால் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. இந்த ஊர் ஓட்டல்களில் சாதி பார்த்துத் தனித் தனி இடம் இருந்தது. ரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணருக்கென்று இருந்த தனிப் பகுதி, பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் போனது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடை, பொது உணவகம், ஓட்டல் எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியது. அதற்குப் பிறகும் 1957இல், ஓட்டல் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திருவல்லிக்கேணியில் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. யாரும் யார் எதிரிலும் உட்காரலாம் என்ற இந்த மேசை அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது. ஆகவே எதிரில் வந்து உட்காருகிறவரின் சட்டையைப் பார்த்து முகம் சுளிப்பதும், "யார் எடுக்கிறது, யார் வைக்கிறது" என்று விசாரிப்பதும் இந்த மடலில் சொன்ன எல்லாத் தவறுகளையும் விடப் பெரிய தவறு. இலை எடுக்க வரும்போது கையை நகர்த்தி இடம் கொடுங்கள், டம்ளரைத் தள்ளி வையுங்கள். "நன்றிங்க" என்று சொன்னால் அவர் முகம் மலரும்.

காலையிலும் மாலையிலும் டிபன் நேரத்தில் வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். சாதா தோசை சீக்கிரம் வரும். ரவா தோசை மாவு நீர்த்தது. கல்லில் தெளித்து, ஈரம் வற்றி முறுகும் வரை விட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆனியன் ரவா என்றால் இன்னும் கூட. ஆறு பேர் ஆறு வகை சொன்னால் ஆறும் ஒரே நேரத்தில் வராது. முதலில் வந்ததை அவர் சாப்பிட ஆரம்பிக்கட்டும். மற்றவர்கள் "நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டால் தோசை ஆறாது. சேர்ந்துதான் சாப்பிட வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே வகை சொல்லுங்கள். காபிக்குச் சர்க்கரை குறைவா, டிகாக்ஷன் அதிகமா என்பதைக் கலக்கும் முன் சொல்ல வேண்டும். டபராவில் ஆற்றும்போது ஒரு சாண் உயரம் போதும். டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருப்பது உதடு படாமல் ஊற்றிக் குடிக்க வசதியாகத்தான். டபராவில் காகிதத்தைக் கசக்கிப் போடாதீர்கள், அதுவும் இன்னொருவர் குடிக்கும் பாத்திரம்.

ஒவ்வாமை உள்ளவர்கள் சாப்பாடு சொல்லும் முன்பே சொல்லிவிடுங்கள். குருமாவில் முந்திரி அரைத்திருக்கும், சட்னியில் நிலக்கடலை இருக்கலாம். கோதுமை ஆகாதவர்கள் இட்லி அரிசிதானே என்று நம்பிச் சாம்பாரை ஊற்றிக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பரிமாறுகிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மேற்பார்வையாளர் வழியாகச் சமையல் மாஸ்டரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

குழந்தைகளை வழியில் ஓட விடாதீர்கள். காரணம் மேலே சொன்ன அதே வாளி. செல்பேசியில் படம் காட்டித்தான் ஊட்ட முடியும் என்றால் சத்தத்தை அணைத்துவிடுங்கள். மேசைமேல் உட்காரவைப்பதும், அங்கேயே துணி மாற்றுவதும் வேண்டாம். அடுத்தவர் இலை விழப்போவது அதே இடத்தில். பெரியவர்களும் ஒலிபெருக்கியில் பேசாதீர்கள். மதிய நெரிசலில் சாப்பிட்டு முடித்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசாதீர்கள். மூன்று மணிக்கு வந்தால் நீங்கள் பேசப் பேச நாங்களே காபி கொண்டுவருவோம்.

சாப்பாட்டில் முடியோ பூச்சியோ இருந்தால் சாப்பிடுவதை உடனே நிறுத்துங்கள். இலையை அப்படியே வைத்து, குரலை உயர்த்தாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மாற்றிக் கொடுப்பது எங்கள் கடமை. முழுதும் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் சொன்னால் எந்த வாளியில் பிழை என்று கண்டுபிடிக்க முடியாது. அதே வாளி மற்றவர்களுக்கும் போயிருக்கும். கடை அசட்டை செய்தால், ரசீதில் அச்சிட்டிருக்கும் பதினான்கு இலக்க உரிம எண்ணோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்கள். இணையத்தில் எழுதுவதானால் எந்த உணவு, எந்த நாள், எந்த நேரம் என்று எழுதுங்கள். பரிமாறியவர் முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். உப்புக் கூடியதற்கு அவர் காரணம் இல்லை, வேலை போவது அவருக்குத்தான்.

பணம். பெரும்பாலான ஓட்டல்களில் ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அது ரசீதில் இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும். சேவைக் கட்டணம் என்று தனியாக ஏதாவது இருந்தால் அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அப்படித்தான் நெறிமுறை வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லி அமைதியாகக் கேளுங்கள். டிப்ஸ் உங்கள் விருப்பம். கொடுக்க நினைத்தால் கையில் பணமாகக் கொடுங்கள். ரசீதுத் தொகையோடு சேர்த்து க்யூஆர் வழியாக அனுப்பினால் அது கடைக் கணக்குக்குப் போகும், எங்கள் கைக்கு வருமா என்பது முதலாளியைப் பொறுத்தது. ஈர மேசைமேலோ இலைக்கு அடியிலோ நோட்டை வைக்காதீர்கள். துடைப்பவருக்கும் சேரட்டும் என்று நினைத்தால் அவரிடமே தனியாகக் கொடுங்கள். உங்களில் யார் பணம் கொடுப்பது என்ற இழுபறியை மேசையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கல்லாவுக்கு முன் வரிசை நிற்கிறது.

பார்சல் வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுவந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பை எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. "ஒரு கவர் குடுங்க" என்று வற்புறுத்தினால் அபராதம் கடைக்கு வரும். சூடான சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக்கில் கட்டுவது உங்கள் வயிற்றுக்கும் நல்லதல்ல.

எழுந்து போகும்போது செல்பேசி, கண்ணாடி, குடை, மாத்திரைப் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போங்கள், சாம்பார் வாளி வருகிற வழி அது.

இப்படிக்கு,
இலை போடுகிறவர்கள், பரிமாறுகிறவர்கள், மேசை துடைக்கிறவர்கள்